போஸ்ட்டாக்: கையெழுத்துப் போடும் முன் ஆய்வகத்திடம் எதையெல்லாம் கேட்பது? (பொறியியல், பயன்பாட்டு இயற்பியல்)

புதுமுனைவர்

வணக்கம். போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய தற்காலிக ஆய்வுப் பணி) விளம்பரங்களில் "இரண்டாண்டு, நீட்டிக்க வாய்ப்புண்டு, சிறந்த வசதிகள்" என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. நேர்காணல் முடிவில் "உங்களுக்குக் கேள்வி ஏதாவது உண்டா?" என்றால் பெரும்பாலோர் ஊர் எப்படி, குளிர் எப்படி என்று கேட்டுவிட்டு எழுந்து வருகிறார்கள். உண்மையில் எதைக் கேட்க வேண்டும், யாரிடம் கேட்க வேண்டும்? முதல் மெயிலில் தொடங்கிச் சொன்னாலும் நல்லது. குவாண்டம் சாதனங்கள், ஒளியியல், கிளீன்ரூம் (சிப் தயாரிக்கும் தூசியற்ற அறை), கணிப்பியல் எதுவானாலும் சரி.

குளிர்கலன்

பல்கலைக்கழகத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுங்கள். முதல் கேள்வி: நீங்கள் வேலை செய்யப்போகும் கருவி இன்றைக்கு எந்த நிலையில் இருக்கிறது?

"இருக்கிறது" என்று பிஐ (ஆய்வகத் தலைவர்) சொல்வதற்கு ஐந்து அர்த்தம் உண்டு. கிராண்டில் (ஆய்வு நிதியில்) பணம் ஒதுக்கியாயிற்று, ஆர்டர் போட்டாயிற்று, பெட்டியில் வந்து இறங்கியாயிற்று, நிறுவியாயிற்று, போன மாதம் ஒருவர் அதில் டேட்டா எடுத்தார். கடைசி ஒன்றைத் தவிர மற்ற நான்கும் உங்கள் ஒப்பந்தக் காலத்தைத்தான் தின்னும்.

கருவி ஓடிக்கொண்டிருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். மூன்று பேர் பகிர்ந்துகொள்ளும் ஒரு டைலூஷன் ஃப்ரிட்ஜை (சாம்பிளைக் கிட்டத்தட்ட முழுப் பூஜ்யம்வரை குளிர்விக்கும் கருவியை) எடுத்துக்கொள்ளுங்கள். 24 மாதம் என்பது சுமார் 104 வாரம். பாதுகாப்புப் பயிற்சி, கிளீன்ரூம் அனுமதி, பழைய சாம்பிளை வைத்துப் பழகுவது என்று முதல் 12 வாரம் போய்விடும். கடைசி 24 வாரம் பேப்பர் எழுதவும் அடுத்த வேலை தேடவும். மீதி 68. விடுமுறை, கட்டடத்து மின்தடை, ஃப்ரிட்ஜின் குளிர்விப்பானான பல்ஸ் டியூபின் பராமரிப்பு என்று ஒரு 8 வாரத்தைக் கழித்தால் 60. அறை வெப்பத்திலிருந்து அடிமட்டக் குளிருக்கு இறங்க ஒன்று, ஒன்றரை நாள். அளவெடுக்க இரண்டு மூன்று நாள். திரும்பச் சூடேற்ற ஒரு நாளுக்கு மேல். ஆக ஒரு சுற்றுக்கு ஒரு வாரம். மூன்று பேர் என்றால் உங்கள் பங்கு 20 சுற்று.

அந்த 20-இல் மூன்றில் ஒரு பங்கு வீண் என்றே வையுங்கள். குளிரும்போது வயர் பாண்ட் (சிப்பை வெளிச்சுற்றோடு இணைக்கும் நுண்கம்பி) விட்டுப்போகும். வாயுவிலுள்ள அசுத்தத்தைப் பிடிக்கும் நைட்ரஜன் கோல்ட் டிராப் அடைத்துக்கொள்ளும். அறை வெப்பத்தில் சரியாக இருந்த கனெக்டர் 4 கெல்வினுக்குக் கீழே துண்டித்துக்கொள்ளும். மிஞ்சுவது 13. இரண்டாண்டுக்கு உங்கள் கையில் இருப்பது 13 அளவீடுகள். இந்த எண்ணை வைத்துக்கொண்டு பிஐ சொல்லும் திட்டத்தைக் கேளுங்கள். "மூன்று சாதன வகை, ஒவ்வொன்றிலும் தடிமனை மாற்றி மாற்றி" என்று அவர் அடுக்கும்போது சரக்கா சவடாலா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

தூய்அறை

நல்ல கணக்கு. ஆனால் சாம்பிள் தயாராக இருக்கிறது என்று வைத்துப் போட்ட கணக்கு.

  எலெக்ட்ரான் பீம் லித்தோகிராஃபி (எலெக்ட்ரான் கற்றையால் வடிவம் வரைவது), எட்ச் (அரித்தெடுப்பது), லிஃப்ட்-ஆஃப் (வேண்டாத உலோகத்தை உரித்தெடுப்பது) என்று போகிற சாதாரண சிப்புக்கே வரைபடத்திலிருந்து பாண்டிங் வரை மூன்று நான்கு வாரம் ஆகும். அது ரெசிபி (தயாரிப்புப் படிகளும் கருவி அமைப்புகளும்) நிலைத்த பிறகு. முனைவர் பட்ட ஆய்வில் பொன்னாக வேலை செய்த ரெசிபி புது இடத்தில் வேலை செய்யாது, இதை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். காரணம் எளிது. ரியாக்டிவ் அயான் எட்ச் கருவியில் வாயு ஓட்டமும் பவரும் அதே எண்ணாக இருந்தாலும், சேம்பர் சுவரில் முந்தைய ஆள் எதை எட்ச் செய்து படியவிட்டுப் போனார், சிப்பைத் தாங்கும் கேரியர் வேஃபர் சிலிக்கானா குவார்ட்ஸா, சிப்புக்கு அடியில் வெப்பம் கடத்த எண்ணெய் வைத்தீர்களா என்பதைப் பொறுத்து எட்ச் வேகம் மாறும். பீம் கருவியிலும் அப்படித்தான்: முடுக்க மின்னழுத்தம் 30 கிலோவோல்ட்டிலிருந்து 100-க்குப் போனால் டோஸும் (பாய்ச்சும் எலெக்ட்ரான் அளவு) ப்ராக்ஸிமிட்டி திருத்தமும் (பக்கத்து வடிவங்களில் சிதறும் எலெக்ட்ரானுக்கான சரிக்கட்டல்) முதலிலிருந்து.

அதனால் கேட்க வேண்டியவை: கிளீன்ரூம் குழுவுக்குச் சொந்தமா, பொது வசதியா? பொது என்றால் மணிக் கட்டணத்தை எந்தக் கணக்கிலிருந்து கட்டுகிறார்கள், ஆண்டுக்கு உச்சவரம்பு உண்டா? பீம் கருவியின் முன்பதிவு எத்தனை நாள் தள்ளி இருக்கிறது? தங்கம் பட்ட சிப்பை, மாசு பரவும் என்று, எந்தெந்தக் கருவிக்குள் விடமாட்டார்கள்? கடைசிக் கேள்விக்கு யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். கேட்டவருக்கு வேலை தெரியும் என்று அவர்களுக்கே புரிந்துவிடும்.

இதை பிஐயிடம் கேட்டுப் பயனில்லை. அவர் கிளீன்ரூமுக்குள் போய் எத்தனை ஆண்டாயிற்றோ. மாணவர்களிடமும் கருவிப் பொறியாளரிடமும் கேளுங்கள்.

ஒளிமேசை

முதல் மெயில் பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆங்கிலத்தில்தான் போகும் என்றாலும் உள்ளே ஐந்து வாக்கியத்துக்கு மேல் வேண்டாம்:

ஒன்று, நான் யார், பட்டம் எந்த மாதம் கைக்கு வரும்.
இரண்டு, உங்கள் வேலையில் என்னை நிறுத்திய ஒரு குறிப்பான இடம்.
மூன்று, அதில் என்னால் என்ன செய்ய முடியும், எண்ணோடு.
நான்கு, எந்த மாதத்திலிருந்து வரமுடியும், சொந்த ஃபெலோஷிப்புக்கு விண்ணப்பிக்கத் தயாரா.
ஐந்து, சிவி இணைத்திருக்கிறேன்.

இரண்டாவது வாக்கியத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். "உங்கள் தலைசிறந்த ஆய்வுகளால் ஈர்க்கப்பட்டேன்" என்பது ஐம்பது பேருக்குப் போன மெயில் என்று பார்த்தவுடன் தெரியும். அதற்குப் பதில், அவர்களுடைய ஒரு படத்தில் தெரியும் ஆற்றல் இழப்பு எங்கே நிகழ்கிறது என்று குறிப்பாகக் கேட்பதுபோல், இப்படி: "உங்கள் கடைசிப் பேப்பரின் நான்காம் படத்தில் ரெசனேட்டரின் க்யூ மதிப்பு குறைந்த மைக்ரோவேவ் பவரில் சரிகிறது, டூ-லெவல் சிஸ்டம் இழப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். அது உலோகத்துக்கும் சிலிக்கானுக்கும் இடையிலான பரப்பிலா, உலோகத்தின் மேல் ஆக்சைடிலா என்று இடைவெளி அகலத்தை மாற்றிப் பிரித்துப் பார்த்தீர்களா?" இதற்குப் பதில் வராமல் போகலாம், ஆனால் குப்பைக்குப் போகாது.

மூன்றாவதில் "லித்தோகிராஃபி அனுபவம் உண்டு" என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். "50 நானோமீட்டர் கோடு, ஒரு சிப்பில் 16 சாதனம், அதில் 11 வேலை செய்தது" என்று எழுதினால் அதற்கு ஒரு எடை உண்டு.

பதில் வரவில்லையென்றால் பத்து நாள் கழித்து இரண்டு வரியில் ஒரு நினைவூட்டல். அதற்கும் பதில் இல்லையா, விட்டுவிடுங்கள்.

கட்டக்கோடு

கணிப்பியல் பக்கத்தை யாரும் தொடவில்லை. ஃப்ரிட்ஜ் இல்லாததால் எங்களுக்குக் காத்திருப்பு இல்லை என்று நினைத்துவிடாதீர்கள், அது வரிசையில் நிற்கும் ஜாபாக (கணினிக்குக் கொடுத்த கணக்கீட்டு வேலையாக) வரும்.

கேட்க வேண்டியவை மூன்று. கிளஸ்டர் (பல கணினிகளின் தொகுப்பு) நேரம் குழுவின் சொந்த ஒதுக்கீடா, ஆறு மாதத்துக்கு ஒருமுறை விண்ணப்பித்து வாங்குவதா? ஒரு ஜாபுக்கு உச்ச நேரம் எவ்வளவு? 24 மணி நேரம்தான் என்றால், செக்பாயிண்ட் (விட்ட இடத்திலிருந்து தொடர இடைநிலைப் பதிவு) எழுதத் தெரியாத கணினி நிரல் அங்கே ஓடாது. அதைச் சேர்ப்பதே ஒரு மாத வேலை. மூன்றாவது, லைசென்ஸ். காம்சால், லூமெரிக்கல் போன்ற வணிக மென்பொருள்களின் கல்வி லைசென்ஸ் பொதுவாக ஆய்வுக்கும் கற்பித்தலுக்கும் மட்டும். நிறுவனப் பணத்தில் ஓடும் திட்டத்தில் அதைப் பயன்படுத்தலாமா என்பதை லைசென்ஸ் ஆவணத்தில் பார்க்காமல் தொடங்கினால், பேப்பர் அனுப்பும் நேரத்தில் சட்டப்பிரிவிலிருந்து மெயில் வரும்.

இன்னொன்று: குழுவின் நிரல் யாருடையது? நீங்கள் எழுதிச் சேர்க்கும் பகுதியைத் திறமூலமாக வெளியிடலாமா, போகும்போது எடுத்துப் போகலாமா? இதைச் சேரும்போது கேட்டால் ஒரு நிமிடப் பேச்சு. விலகும்போது கேட்டால் மனக்கசப்பு.

காகிதக்கட்டு

பணம், விசா பக்கம் நான் எழுதுகிறேன். எல்லா நாட்டுக்கும் எழுத முடியாது. அதிகம் பேர் தடுக்கி விழும் இடங்கள் மட்டும்.

ஒப்பந்தம் "இரண்டாண்டு" என்று விளம்பரத்தில் இருக்கும். காகிதத்தில் 12 மாதம், திருப்தியாக இருந்தால் இன்னொரு 12 என்று வரும். "திருப்தி" என்பது பல நேரம் உங்கள் வேலையைப் பற்றியதே அல்ல, கிராண்டில் பணம் இருக்கிறதா என்பதுதான். அதனால் நேரடியாகக் கேளுங்கள்: சம்பளம் எந்தக் கிராண்டிலிருந்து, அது எந்தத் தேதியில் முடிகிறது? 14 மாதத்தில் முடியும் கிராண்டிலிருந்து 24 மாதச் சம்பளம் வராது.

ஊதியமா, உதவித்தொகையா என்பது அடுத்தது. கையில் வரும் தொகை ஒன்றுபோல் தெரிந்தாலும் உதவித்தொகையில் பெரும்பாலும் ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு, மகப்பேறு விடுப்பு இருக்காது. ஜெர்மனியில் ஒப்பந்தம் என்றால் வழக்கமாக டிவி-எல் இ13 என்ற பொதுத்துறை ஊதிய நிலை. அதற்குள் அனுபவப் படிகள் உண்டு. முதல் படியில் ஓராண்டு, இரண்டாவதில் இரண்டாண்டு கழித்து மூன்றாவது. முந்தைய ஆய்வு அனுபவத்தைக் கணக்கில் எடுக்கச் சொல்வதானால் கையெழுத்துக்கு முன்பே பணிச் சான்றுகளோடு கேட்க வேண்டும். அங்கேயே இன்னொரு கடிகாரமும் ஓடுகிறது: தகுதி வளர்ப்பு என்ற அடிப்படையில் தற்காலிக ஒப்பந்தம் முனைவர் பட்டத்துக்குப் பின் பொதுவாக 6 ஆண்டுதான்.

இங்கிலாந்துக்குப் போகும் பொறியியல், இயற்பியல் ஆட்களுக்கு அட்டாஸ் சான்றிதழ் (சில தொழில்நுட்பத் துறைகளுக்கான பாதுகாப்பு அனுமதி). விலக்குப் பட்டியலில் இல்லாத நாட்டுக் குடிமக்கள் விசாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே அதை வாங்கியாக வேண்டும். 2021 மே மாதத்திலிருந்து மாணவர்களோடு ஆய்வாளர்களுக்கும் கட்டாயம். கட்டணமில்லை, ஆனால் வாரக்கணக்கில் இழுக்கும். ஆய்வு பற்றிய விவரணத்தை அழைக்கும் நிறுவனம் தர வேண்டும். அதை நீங்களே அழகுபடுத்தித் திருத்தினால் இரண்டு ஆவணமும் பொருந்தாமல் திரும்பி வரும். வேலையில் சேரும் தேதியை அட்டாஸ் கைக்கு வந்த பிறகு முடிவுசெய்யுங்கள்.

அமெரிக்காவில் ஜே-1 (பரிமாற்ற விசா) ஆய்வாளர் பிரிவு அதிகபட்சம் 5 ஆண்டு. இங்கே ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. ஓராண்டு இருந்துவிட்டு ஜே-1 திட்டத்தை முடித்துக்கொண்டு திரும்பினால், மீதி நான்காண்டு வங்கியில் போட்ட பணம்போல் காத்திருக்காது. அதே பிரிவில் மறுபடி வர 24 மாதம் பொறுக்க வேண்டும். அதனால் ஓராண்டு முடிந்து இன்னோர் ஆய்வகத்துக்குப் போவதானால், ஜே-1 திட்டத்தை முடிக்காமல் மாற்றல் வாங்குங்கள்.

புதுமுனைவர்

இதுவும் "இரண்டாண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும்" என்பதும் ஒன்றா?

காகிதக்கட்டு

இல்லை, வேறு வேறு. சொந்த நாட்டு விதி எல்லோருக்கும் கிடையாது; அரசுப் பணத்தில் போனீர்களா, உங்கள் துறை உங்கள் நாட்டுக்கான திறன் பட்டியலில் இருக்கிறதா போன்றவற்றைப் பொறுத்தது. அது இருந்தால் எச்-1பி வேலை விசா, நிரந்தர வசிப்புரிமைப் பாதையை அடைக்கும், விலக்கு கேட்கலாம். 24 மாத விதி ஜே-1 ஆய்வாளர், பேராசிரியர் பிரிவுக்குத் திரும்புவதை மட்டும் தடுக்கும், அதற்கு விலக்கு கேட்கும் வழி கிடையாது. இரண்டும் ஒருவருக்கே சேர்ந்து வரலாம்.

ஒளிமேசை

ஃபெலோஷிப்பையும் சொல்லிவிடுங்கள் சார். சொந்தப் பணத்தோடு வருகிறேன் என்றால் மூடிய கதவும் திறக்கும்.

காகிதக்கட்டு

திறக்கும், ஆனால் நாள் பார்த்துப் போக வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி க்யூரி போஸ்ட்டாக் ஃபெலோஷிப்பில் ஒரு பொறி: விண்ணப்பக் கடைசி நாளுக்கு முந்தைய 36 மாதத்தில் 12 மாதத்துக்கு மேல் அழைக்கும் நாட்டில் இருந்திருக்கக் கூடாது. "முதலில் அந்த ஆய்வகத்தில் திட்டப் பணியில் சேர்ந்துவிடுவோம், ஃபெலோஷிப்புக்கு அப்புறம் எழுதுவோம்" என்பவர்கள், கடைசி நாள் வழக்கமாகச் செப்டம்பரில் வருவதால், இரண்டாவது செப்டம்பருக்குள் தகுதி இழந்து நிற்பார்கள். மதிப்பெண்ணில் அறிவியல் பகுதிக்கு 50 சதவீதம், தாக்கத்துக்கு 30, செயல்படுத்தலுக்கு 20. இயற்பியல்காரர்கள் முதல் பகுதியைச் செதுக்கிவிட்டு மற்ற இரண்டையும் கடைசி இரவில் நிரப்புகிறார்கள். பாதி மதிப்பெண் அங்கேதான் இருக்கிறது.

ஜப்பானின் ஜேஎஸ்பிஎஸ் (அறிவியல் வளர்ச்சிக் கழகம்) ஃபெலோஷிப்பின் வழக்கமான பிரிவுக்கு பட்டம் பெற்று 6 ஆண்டுக்குள் இருக்க வேண்டும். விண்ணப்பத்தை அனுப்புவது அங்குள்ள பேராசிரியர், நீங்களல்ல. அவருடைய பல்கலைக்கழகம் உள்ளுக்குள் வைத்திருக்கும் கடைசி நாள் முன்கூட்டியே வந்துவிடும். ஜெர்மனியின் ஹம்போல்ட் அறக்கட்டளை ஃபெலோஷிப்பில் போஸ்ட்டாக் நிலைக்கு பட்டத்திலிருந்து 4 ஆண்டு. அமெரிக்காவின் நிஸ்ட் (தேசியத் தர அளவீட்டு நிறுவனம்) ஆய்வகத்து என்ஆர்சி போஸ்ட்டாக் இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டும், மற்றவர்கள் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டாம் நடுவர்

குளிர்கலன் சொன்னதில் எனக்கு ஓர் ஆட்சேபம். (பெயருக்கேற்ற வேலைதான்.) கருவி வரவில்லை என்றால் ஓடிவிடு என்பதுபோல் ஒலிக்கிறது. ஆய்வகத்தைப் பூஜ்யத்திலிருந்து எழுப்பத் தெரிந்தவரைத்தான் பின்னால் ஆசிரியப் பணிக்கான தேர்வுக் குழு தேடும். அல்ட்ரா ஹை வேக்குவம் (மிக உயர் வெற்றிட) சேம்பரைத் தானே கட்டி, ஹீலியம் கசிவு பார்த்து, 120–150 டிகிரியில் இரண்டு நாள் பேக் செய்து (சுவரில் ஒட்டிய வாயுவை வெளியேற்றச் சூடாக்கி), 10⁻¹⁰ மில்லிபாருக்கு இறக்கியவரும், இறங்கி நிற்கும் சேம்பரில் டேட்டா எடுத்தவரும் ஒன்றல்ல.

குளிர்கலன்

ஒப்புக்கொள்கிறேன், அரை அளவு. சேம்பர் கட்டுகிறவருக்கு மூன்றாண்டு ஒப்பந்தமும், கூட வேலை செய்ய ஒரு மாணவரும், காத்திருக்கும் மாதங்களுக்கு ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு சோதனையில் இடமும் இருந்தால் நல்ல பேரம். இரண்டாண்டு, தனி ஆள், வேறு வேலை கிடையாது என்றால், கட்டி முடித்து அடுத்தவரிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். முதல் நல்ல பேப்பரில் அடுத்தவர் பெயர் முன்னால் நிற்கும்.

இரண்டாம் நடுவர்

அதற்குத்தான் கருவியைப் பற்றியே ஒரு பேப்பர் எழுத வேண்டும். அதிர்வு அளவீடு, வெப்பச் சுமைக் கணக்கு, இரைச்சல் தளம் (கருவியின் சொந்த இரைச்சல் அளவு) எல்லாம் சேர்ந்தால் கருவியியல் இதழ்களுக்குப் போதுமான சரக்கு. முதல் ஆசிரியர் யார் என்பதைத் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள்.

அலைவரி

சிங்க்ரோட்ரான் (துகள்முடுக்கியால் வலுவான எக்ஸ்-கதிர் தரும் வசதி) போன்ற பொது வசதியை நம்பிய திட்டம் என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. கிரெனோபிளில் இருக்கும் இஎஸ்ஆர்எஃப் வசதியில் வழக்கமான விண்ணப்பச் சுற்று ஆண்டுக்கு இரண்டு, மார்ச்சிலும் செப்டம்பரிலும். மார்ச்சில் எழுதினால் கதிர் நேரம் ஆகஸ்ட்டுக்குப் பிறகுதான், அதுவும் கிடைத்தால். கிடைப்பது சில நாள். அக்டோபரில் வேலையில் சேர்கிறவர் மார்ச்சில் எழுதி, அடுத்த குளிர்காலத்தில் அளவெடுத்தால் ஒப்பந்தத்தில் பாதி போயிருக்கும். ஆகவே கேள்வி: நான் சேரும்போது ஏற்கெனவே அனுமதி கிடைத்த கதிர் நேரம் ஏதாவது கையில் இருக்கிறதா?

புதுமுனைவர்

நேர்காணல் உரைக்கு ஏதாவது? 45 நிமிடம் என்கிறார்கள்.

ஒளிமேசை

45 என்றால் 35-க்குத் தயாரியுங்கள், நடுவில் கேள்வி வரும். பதினெட்டு இருபது ஸ்லைடு. முனைவர் ஆய்வின் மூன்று அத்தியாயத்தையும் திணிக்காமல் ஒன்றை மட்டும் ஆழமாக. ஒவ்வொரு முக்கியப் படத்திலும் பிழைப்பட்டையும் இரைச்சல் தளமும் கட்டாயம். அவை இல்லாத படத்தில்தான் முதல் கேள்வி விழும். எத்தனை சாதனத்தில் இந்த முடிவு வந்தது என்பதை அவர்கள் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள்.

"இதில் உங்கள் கை எது?" என்று நிச்சயம் கேட்பார்கள். எல்லாவற்றையும் "நாங்கள்" என்று சொல்லிப் பழகியவர்கள் இங்கே திணறுவார்கள். வடிவமைப்பு யார், தயாரிப்பு யார், அளவீடு யார், கோட்பாடு யார் என்று ஒரு ஸ்லைடின் ஓரத்திலேயே போட்டுவிடலாம். மற்றவருடையதைத் தன்னுடையது என்று சொன்னால் பரிந்துரைக் கடிதத்தில் பிடிபடும்.

கடைசி இரண்டு ஸ்லைடில் "முதல் ஆறு மாதத்தில் உங்கள் ஆய்வகத்தில் என்ன செய்வேன்" என்பது. ஐந்தாண்டுக் கனவு வேண்டாம்.

தூய்அறை

உரை முடிந்தபின் குழுவில் இருப்பவர்களோடு, பிஐ இல்லாமல், அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். மறுத்தால் அதுவே பதில். கேட்க வேண்டியவை: கடைசியாகப் போன மூன்று போஸ்ட்டாக் இப்போது எங்கே? பேப்பரின் வரைவு பிஐ மேசையில் எத்தனை வாரம் தூங்கும்? ஒரே தலைப்பில் இரண்டு பேரை ஓடவிடும் பழக்கம் உண்டா? இரண்டாவது கேள்விக்கு ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தால் ஆறு மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கூகுள் ஸ்காலரிலும் சரிபார்க்கலாம். பழைய போஸ்ட்டாக்குகளின் பெயரைப் போட்டு, சேர்ந்த ஆண்டிலிருந்து முதல் ஆசிரியராக அவர்கள் எழுதிய முதல் பேப்பர் எப்போது வந்தது என்று பாருங்கள். குழுவின் மொத்தப் பேப்பர் எண்ணிக்கையைவிட இது உண்மை பேசும்.

கட்டக்கோடு

நிறுவனத்தோடு சேர்ந்த திட்டம் என்றால் வெளியீட்டுத் தாமதம் பற்றிய விதியைக் கேளுங்கள். காப்புரிமைக்காக 30 நாளோ 60 நாளோ நிறுத்திவைப்பது வழக்கம்தான். "நிறுவனத்தின் ஒப்புதலுக்குப் பிறகே" என்று நாள் கணக்கு இல்லாமல் இருந்தால், பேப்பரே வராமலும் போகலாம்.

புதுமுனைவர்

இதையெல்லாம் கேட்டால் வில்லங்கமான ஆள் என்று நினைத்துவிட மாட்டார்களா?

குளிர்கலன்

வேலை தருகிறோம் என்ற மெயில் வருவதற்கு முன் கருவி, சாம்பிள், பகிர்வு பற்றிக் கேளுங்கள். அவை ஆய்வுக் கேள்விகள், கேட்டால் மதிப்பு. பணம், கிராண்ட் முடியும் தேதி, அனுபவப் படி, சேரும் நாள் எல்லாம் மெயில் வந்த பிறகு, கையெழுத்துக்கு முன். அந்த ஒன்றிரண்டு வாரம்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும். ஒரே மெயிலில் எண்ணிட்டுக் கேளுங்கள், துண்டுதுண்டாக வேண்டாம்.

வாய்மொழியாகச் சொன்னதை அன்றே எழுத்தில் போட்டுவிடுங்கள்: "நாம் பேசியபடி, ஃப்ரிட்ஜ் மார்ச்சில் ஓடத் தொடங்கும், எனக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம், கருவி தாமதமானால் அந்த அளவுக்கு ஒப்பந்தத்தை நீட்டிக்க முயல்வீர்கள் என்று புரிந்துகொள்கிறேன்." அது சட்ட ஒப்பந்தம் ஆகாதுதான். ஆனால் பிஐ "ஆம்" என்று ஒற்றைச் சொல்லில் பதில் போடுகிறாரா, இல்லை மார்ச்சை ஜூன் ஆக்கித் திருத்துகிறாரா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

தூய்அறை

ஜூன் என்று திருத்தினால் செப்டம்பர்.